பால்கனி கேபினும் பாற்கடல் மைத்துனரும்

பாற்கடலின் நடுவே பாம்பணையில் பள்ளிகொண்ட பரமனை முதற்கண் வணங்குகிறேன். கடற்பயணத்தைப் பற்றி எழுதப் புகும் எவனும் அவனை வணங்காமல் தொடங்கலாகாது. அவனுக்கு வாய்த்த இடத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நாற்புறமும் கடல் தெரிகிற படுக்கை. மேலே ஆயிரம் படங்கள் விரித்த குடை. கேபின் எண் கிடையாது. அப்பர் பெர்த் கிடையாது. திருவடியருகே திருமகள். அவள் வாய் திறந்தால் அடியவர்க்காகப் பரிந்து பேசுவாளேயன்றி, "எங்க அண்ணன் எங்கே படுப்பான்?" என்று கேட்டதாக எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

ஆம், அந்தத் திருப்பள்ளியில் மைத்துனருக்கு இடமில்லை. நெடுங்காலம் இப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

என் மகன் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே அறிவித்தான்: "அப்பா, எல்லாரும் கப்பல்ல போறோம். டிராவல் ஏஜென்ட் மூணு கேபின் பிடிச்சு வச்சிருக்காங்க. யாருக்கு எது வேணும்னு திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும். நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க."

"நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க!" இந்த வீட்டில் இவ்வரிய சொற்களை நான் கேட்டு எத்தனை காலமாயிற்று! செவியில் தேன் பாய்ந்தது என்பார்களே, எனக்குக் கடலே பாய்ந்தது.

கப்பல் நிறுவனத்தார் அனுப்பிய தள வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். முதல் கேபினுக்குக் கடலை நோக்கிய பால்கனி, இருவர் தங்கலாம். இரண்டாவதற்கு வட்டமாக ஒரு ஜன்னல், மூவர் தங்கலாம். மூன்றாவது கேபின் கப்பலின் வயிற்றுக்குள் இருந்தது. ஜன்னல் இல்லை. கீழே ஒரு கட்டில், சுவரிலிருந்து மடங்கி இறங்கும் மேல்கட்டில் ஒன்று. இருவர் தங்கலாம்; தங்குவோர், மீனின் வயிற்றுக்குள் மூன்று நாள் கிடந்த யோனாவைப் போலத் தவம் செய்யலாம் என்று வேறு மதத்து நண்பரொருவர் பின்னர் சொன்னார்.

நாங்கள் எழுவர். நான், என் மனைவி, மகன், மருமகள், ஒன்பது வயது இரட்டைப் பேத்திகள். முதலில் பிறந்தவள் எங்கள் வீட்டில் முந்தி. பின்னால் பிறந்தவள் பிந்தி. ஏழாமவர் என் மனைவியின் தமையனார்.

அவரைப் பற்றிச் சில சொற்கள். பாண்டு வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதியவர். ஊரார் திருமணங்களிலெல்லாம் ஊதி ஊதித் தமக்கென்று ஒன்று செய்துகொள்ள மறந்தவர். தங்கமான மனிதர். ஆனால் அந்தத் தங்கம் உறங்கத் தொடங்கினால் எக்காளம் தானே ஊதும். அந்தக் குறட்டைக்கு ஆரோகணம் உண்டு, அவரோகணம் உண்டு. நடுவே ஒரு நீண்ட மௌனம் உண்டு. அம்மௌனத்தில், 'மனிதர் போய்விட்டாரோ' என்று நாம் பதறி எழுந்து உட்காரும்போது, 'இதோ இருக்கிறேன்' என்று முழுப் பலத்தோடு திரும்பி வருவார்.

இதுவரை நாங்கள் போன பயணங்கள் எத்தனையோ. மலைப் பங்களாவானாலும் சரி, திருமண மண்டபமானாலும் சரி, அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டவன் ஒருவனே. அவன் பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை. அவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே அன்று சபதம் செய்தேன். இம்முறை பால்கனி எனக்கு. எனக்கு என்றால் எனக்கும் என் மனைவிக்கும். விடியற்காலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, கடல்வண்ணனைப் பற்றிய பாசுரங்களைக் கடலுக்கே பாடிக் காட்ட வேண்டும். பக்கத்தில் அவள் இருக்க வேண்டும். சமையலறைக் குக்கர் விசிலடிக்காத, அழைப்புமணி அலறாத, 'பாட்டி, என் சாக்ஸ் எங்கே?' என்று யாரும் கேட்காத ஒரே ஒரு விடியல். இந்த வயதில் வேறென்ன கேட்டேன்?

ஆனால் 'எனக்குப் பால்கனி வேண்டும்' என்று வாய்விட்டுக் கேட்கலாமா? குடும்பத் தலைவனுக்கு அது அழகா? நியாயம் தானாகவே வந்து என் மடியில் பால்கனியை வைக்க வேண்டும். அதற்கு வழி தெரியாதவனா நான்? கல்லூரியில் பரீட்சை ஹால்களுக்கு யார் எங்கே உட்கார வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தே பணி ஓய்வு பெற்றவன். என் ஹாலில் பக்கத்து விடைத்தாளைப் பார்த்து எழுதியவன் எவனுமில்லை. கழுத்தைத் திருப்பினால் சுவர்தான் தெரியும்.

என் மனைவியின் தையற்பெட்டியிலிருந்து ஏழு பொத்தான்களை எடுத்தேன். மைத்துனருக்குப் பெரிய கோட்டுப் பொத்தான். பேத்திகளுக்கு இரண்டு சிறிய முத்துப் பொத்தான்கள். வரைபடத்தின்மேல் வைத்தேன், நகர்த்தினேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன். பால்கனியில் நானும் அவளும். ஜன்னல் கேபினில் மகன், மருமகள், முந்தி. கப்பலின் வயிற்றில் கோட்டுப் பொத்தானும் ஒரு முத்துப் பொத்தானும். பிந்தி ஆழ்ந்து உறங்குகிற குழந்தை. இடி விழுந்தாலும் எழாதவள். எக்காளத்துக்கும் எழமாட்டாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மனநிறைவோடு குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மேசை துடைத்துப் பளபளவென்றிருந்தது. பொத்தான்கள் வைத்த இடம் மாறாமல் அப்படியே இருந்தன. 'எவ்வளவு அடக்கமாகத் துடைத்திருக்கிறாள், ஒன்றையும் கலைக்காமல்!' என்று வியந்தேன். வியந்ததோடு நின்றேன். அங்கேதான் பிழை.

இன்னொன்றையும் நான் மறந்திருந்தேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். நான் நாற்காலி வகுத்தவன். அவள் கட்டில் வகுத்தவள். கப்பல் கேபினில் இருப்பது நாற்காலியா, கட்டிலா?

ஞாயிறு பிற்பகல் கூடத்தில் சபையைக் கூட்டினேன். மைத்துனர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மகன் சுவரோரம் நின்றான். மருமகள் மடியில் கணினியை வைத்துக்கொண்டு யாருடைய கணக்கையோ தணிக்கை செய்துகொண்டிருந்தாள். ஞாயிறும் அவளுக்குத் திங்கள்தான். பேத்திகள் தரையில். என் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

தொண்டையைச் செருமினேன். "எல்லாரும் கவனமா கேளுங்க. கேபின் ஒதுக்குறதுல பாசம், பந்தம், சலுகை எதுவும் கிடையாது. விதி, விதி மட்டும்தான்."

"யாரோட தலைவிதி?" என்றாள் மனைவி, ஒரு துண்டை உதறியபடி.

"பரீட்சை ஹால் விதி. இத்தனை வருஷம் ஒரு புகார் வராம நடத்தினேனே, அந்த விதி."

"அது நல்லதுங்க. குழந்தைகளுக்கும் தெரியட்டும். உங்க தாத்தா ஹாலுக்குள்ள நுழைஞ்சா ஃபேன் கூடச் சத்தம் போடாதுடி. சொல்லுங்க, சொல்லுங்க."

இப்படி அவள் என்னைப் புகழ்ந்ததுண்டா? நெஞ்சு நிமிர்ந்தது. நெஞ்சு நிமிர்ந்தால் என் வாய் அடங்குவதில்லை.

"முதல் விதி. பேசிக்கிற ரெண்டு பேரைப் பக்கத்துல பக்கத்துல உட்கார வைக்கக் கூடாது. ஆகையினால முந்தியும் பிந்தியும் வேற வேற கேபின்."

"தாத்தா!" என்று இரண்டு குரல்கள் ஒரே சமயத்தில் எழுந்தன.

"பார்த்தீங்களா? சேர்ந்தே பேசுறாங்க."

"பாயிண்டுதான்" என்றான் மகன். அவனுக்கு எல்லாருடைய பக்கத்திலும் நியாயம் தெரியும். அதனால் எந்தப் பக்கத்திலும் உட்காரமாட்டான்.

"ரெண்டாவது விதி. மேற்பார்வையாளர் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கணும். அது முதல் கேபின். பால்கனி. அங்கேருந்து பார்த்தா..."

"அங்கேருந்து பார்த்தா கடல்தானே மாமா தெரியும்?" என்றாள் மருமகள், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாங்க எப்படித் தெரிவோம்?"

"அது ஒரு பொதுவான கண்காணிப்பும்மா."

"என் கூட யாரு, மாப்பிள்ளே?" என்று ஆவலோடு நிமிர்ந்தார் மைத்துனர்.

"உங்ககூட... பிந்தி."

பிந்தியின் உதடு பிதுங்கிற்று. "நான் மாட்டேன்! மாமா தாத்தா தூங்கினா கப்பல் கிளம்புதுன்னு எல்லாரும் கையாட்டுவாங்க!"

"நானா? குறட்டையா?" மைத்துனர் உண்மையாகவே திகைத்தார். "எனக்குத் தூக்கமே வராதே! ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டே இருப்பேன். மாப்பிள்ளையைக் கேளுங்க, கூடவே இருந்தவர்."

நான் முழித்துக்கொண்டிருந்ததுதான் அவருக்கு அப்படித் தோன்றியது போலும். பதில் சொல்வதற்குள் என் மனைவி ஒரு சட்டையை எடுத்து, காலரைத் தடவியபடி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, ஒரு சந்தேகம். ஹால்ல ஒருத்தன் சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா என்ன பண்ணுவீங்க? வெளியே அனுப்பிடுவீங்களா?"

"சே! அதெல்லாம் கத்துக்குட்டி வேலை. என் மேசைக்குப் பக்கத்துலயே கொண்டுவந்து உட்கார வைப்பேன். கையெட்டுற தூரம். அவ்வளவுதான், ஹாலே அடங்கிடும்."

"ஆஹா! சின்னப் பிள்ளைக பக்கத்துல விடமாட்டீங்க?"

"எப்படி விடுவேன்? அவங்க படிப்புக் கெட்டுப் போகாதா?"

சொல்லி முடித்தேன். பிரம்பு நாற்காலி 'கிறீச்' என்றது. மைத்துனர் எழுந்து என்னை நோக்கிக் கைகளை விரித்து வந்தார்.

"மாப்பிள்ளே! நம்ம ரெண்டு பேரும் ஒரே ரூமா!"

"இருங்க, இருங்க." நான் பின்வாங்கினேன். பின்வாங்கினாலும் நிலைகுலையவில்லை. என் மூளை விரைந்து வேலை செய்தது. மைத்துனர்தான் விதி என்றால், பால்கனியாவது மிஞ்சட்டும். எக்காளம் உள்ளே ஊதட்டும். நான் வெளியே உட்கார்ந்து பாடுவேன். "சரி. சத்தம் மேற்பார்வையாளர் பக்கத்துல. ஒத்துக்கிறேன். அப்போ நானும் மச்சானும் பால்கனி கேபின்ல."

"நல்ல முடிவு" என்றாள் மனைவி. அடுத்த துணியை எடுத்தாள். "அந்த ஜன்னலோரக் கதை ஒண்ணு சொல்வீங்களே, என்னங்க அது? குழந்தைகளுக்குச் சொல்லுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை."

இவளுக்கு என் கதையொன்று பிடித்திருக்கிறதா! என் கண்கள் பனித்தன.

"அதுவா? ஒரு பையன். புத்திசாலி. ஆனா ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கிட்டே ரெண்டு கேள்வியை விட்டுட்டான். அன்னைக்கு ஒரு விதி போட்டேன். வெளியே வேடிக்கை பார்க்க ஆசைப்படுறவனை ஜன்னலோரம் உட்கார வைக்கவே கூடாது. சுவரோரம்தான். எவனுக்கு வெளியே பார்க்கிற ஆசையே இல்லையோ, அவனைத்தான் ஜன்னலோரம் உட்கார வைக்கணும். என் வாழ்க்கையிலேயே சிறந்த விதி அதுதான்."

"ரொம்பச் சரி. இப்போ இந்த வீட்டுல கடலைப் பார்க்கணும்னு ரொம்ப ஆசைப்படுறது யாரு?"

"தாத்தா!" என்றாள் முந்தி. "தினமும் குளிக்கும்போது கடல் பாட்டுதானே பாடுறாங்க!"

"தாத்தாதான்!" என்றாள் பிந்தி. அழுகை எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"எனக்கு அவ்வளவு ஒண்ணும் ஆசையில்லை" என்றேன்.

"பொய் சொன்னா பெருமாள் கண்ணைக் குத்துவாரு தாத்தா" என்றாள் பிந்தி.

அவளுக்கு இதைக் கற்பித்தவனும் நானே.

"எனக்குக் கடல்ல என்னங்க இருக்கு?" என்றாள் என் மனைவி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "தண்ணி. நான் பார்க்காத தண்ணியா? நம்ம மருமகளும் அப்படித்தான். பாருங்க, பின்னால வானவில்லே வந்து நின்னாலும் இந்தப் பொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டா. ஜன்னலோரத்துக்கு எங்க ரெண்டு பேரை விட்டா ஆளே இல்லை."

"அத்தை சொன்னா சரி" என்றாள் மருமகள். கண்ணை எடுக்கவில்லைதான், ஆனால் கன்னம் குழிந்ததை நான் கண்டேன்.

விடுவேனா? பிடித்துவிட்டேன் என்றே எண்ணினேன். "ஆ! முதல் விதி! பேசிக்கிற ரெண்டு பேர் ஒண்ணா இருக்கக் கூடாது. மாமியாரும் மருமகளும் ஒரே கேபின்ல இருந்தா விடிய விடியப் பேச்சுதான்."

என் மனைவி துணி மடிப்பதை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏங்க, எனக்கும் இவளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லைன்னு பூங்காவுல உங்க நண்பர்கள்கிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கீங்களாமே?"

பூங்காவில் பொழுது போகாத கிழவர்கள் பத்துப் பேர் கூடினால் ஏதாவது பேசத்தானே வேண்டும்? அதை இவளிடம் கொண்டுவந்து சேர்த்த கிழவன் யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

"பாயிண்டுதான்" என்றான் மகன்.

"நீ ஏண்டா மாமாவோட தங்கக் கூடாது?" என்று அவன்மேல் பாய்ந்தேன்.

"நான் தங்குவேன்பா. ஆனா நான் மேற்பார்வையாளர் இல்லையே. அதோட ஜன்னல் கேபின்ல குழந்தைகளோட ஒரு பெரியவர் இருக்கணும். நீங்க இருக்கலாம்னா, ஜன்னல் இருக்கு."

"ஜன்னல் ஆகாது" என்றாள் மனைவி.

"ஆகாது, ஆகாது" என்றார்கள் பேத்திகள்.

"எங்களைப் பிரிக்கணும்னு சொன்னீங்களே தாத்தா" என்று முந்தி பெருந்தன்மையோடு ஆரம்பித்தாள். "நடுவுல அப்பா படுத்துப்பாங்க. சுவர் மாதிரி. கழுத்தைத் திருப்பினா அப்பாதான் தெரியும்."

என் விதி. என் உவமை. என் பேத்தி. யாரிடம் போய் முறையிடுவது?

கடைசி அம்பை எடுத்தேன். பக்தனின் அம்பு. குரலைத் தணித்துக்கொண்டேன். "எல்லாம் சரி. ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. கடல்ல பள்ளிகொண்ட அந்தப் பெருமானுக்குப் பக்கத்துல யார் இருக்காங்க? தாயார். மச்சானா இருக்கார்?"

சபை அசந்துவிட்டது. மைத்துனர் கூடத் தலையை ஆட்டினார். என் மனைவி மடித்த துணிகளை ஓர் அடுக்காக எடுத்து மடியில் வைத்தாள்.

"தாயார் எங்கே பிறந்தாங்க?"

"இதென்ன கேள்வி? கடல்ல."

"பெருமாள் கையில ஒண்ணு வச்சிருக்காரே, வெள்ளையா, ஊதுறதுக்கு?"

"சங்கு."

"அது எங்கே பிறந்தது?"

வாய் திறந்தால் நான் படித்த பாசுரங்களெல்லாம் அவள் பக்கம் சாட்சி சொல்லும்.

"அதுவும் கடல்லதானே? அப்போ தாயாருக்கு அண்ணன் முறை. பெருமாள் என்ன, வேற ரூம்லயா வச்சிருக்காரு? கையை விட்டுக் கீழே இறக்கினதே இல்லை. காதுக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுத் தூங்குறாரு. அவர் ஒரு நாளாவது முகம் சுளிச்சாரா?"

"அடேங்கப்பா! நான் சங்கா!" என்றார் மைத்துனர். எக்காளத்திலிருந்து பதவி உயர்வு பெற்ற பெருமிதம் அவர் முகத்தில்.

இத்தனை ஆண்டுகள் நான் உரக்கப் படித்ததை இவள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டதோடல்லாமல் பொருளும் தெரிந்துவைத்திருக்கிறாள். பக்தி நூல்களை மனத்துக்குள்ளேயே படிக்க வேண்டும் என்பது அன்று நான் பெற்ற ஞானம்.

"சரி" என்று எழுந்தேன். "இதுதான் என் தீர்ப்பு. பால்கனி உங்க ரெண்டு பேருக்கு. ஜன்னல் பையனுக்கும் பிள்ளைகளுக்கும். உள்கேபின் எனக்கும் மச்சானுக்கும். இதை நான் முடிவு செஞ்சேன்."

"உங்க முடிவுக்கு மறு பேச்சு உண்டா?" என்றாள் மனைவி.

"அப்பர் பெர்த் யாருக்கு?" என்று கவலையோடு கேட்டார் சங்கு. "எனக்கு முழங்கால் மடங்காது."

"மேற்பார்வைன்னா மேலேருந்து பார்க்கிறதுதானே தாத்தா?" என்றாள் முந்தி.

தோற்றவன் தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் அது தோல்வி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை, காய்கறிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் டிராவல் ஏஜென்டின் அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க்கட்டடத்தில் நான்காவது மாடி. லிஃப்ட்டின் வாயிலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. எனக்கென்ன? வெற்றி வேட்கை என்னைத் தூக்கிச் சென்றது.

சிறிய அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கப்பல். மேசையில் எறும்புக்குப் பயந்து மூடிவைத்த தேநீர்க் குவளை. ஏஜென்ட் அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரவேற்றாள்.

"வாங்க சார். உட்காருங்க. உங்க குடும்பக் கேபின்தானே?"

"ஆமாம்மா. ஒரு சின்ன மாற்றம். யாருக்கும் தெரிய வேண்டாம். எனக்கு மூச்சுத் திணறல். ஜன்னல் இல்லாத ரூம் ஆகவே ஆகாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். பால்கனியில என் பேரைப் போட்டுடுங்க."

அவள் என்னைப் பரிவோடு பார்த்தாள். "நீங்க வந்து மூச்சுத் திணறல்னு சொல்வீங்கன்னு அம்மா சொன்னாங்க சார்."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மா. 'நாலு மாடி ஏறி வந்தாரான்னு கேளுங்க'ன்னாங்க. லிஃப்ட் வேற வேலை செய்யலை. நீங்க ஏறித்தானே சார் வந்தீங்க?"

"மெதுவா வந்தேன். நின்னு நின்னு."

"பாட்டுப் பாடிக்கிட்டே வந்தீங்க சார். ரெண்டாவது மாடியிலேருந்தே கேட்டுச்சு. நல்ல குரல்."

காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அது காலியாக இருந்தது; நானும் அப்படியே.

"நேத்துத்தானே முடிவாச்சு? அதுக்குள்ள எப்போம்மா கூப்பிட்டாங்க?"

"நேத்தா? வெள்ளிக்கிழமையே பதிவாகிடுச்சே சார். பால்கனி அம்மாவுக்கும் மருமகளுக்கும், ஜன்னல் பிள்ளைகளுக்கும் அவங்க அப்பாவுக்கும், உள்கேபின் உங்களுக்கும் அண்ணனுக்கும். 'சார் ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டு இதே மாதிரி முடிவு பண்ணுவாரு, அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பாவம்'னு சொன்னாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேசை துடைக்கும்போது பொத்தான் எல்லாம் பார்த்தேன்னாங்க. அது என்ன பொத்தான் சார்?"

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தேன். "ரொம்ப நேரமாச்சே, மூச்சு வாங்குதா?" என்று கேட்டுவிட்டு, மோர் கொடுத்தாள் என் மனைவி. வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

கப்பல் புறப்பட்டது. பாற்கடலின் பெருமானே! அந்த உள்கேபினில் விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று விரலால் தொட்டுத்தான் அறிய வேண்டும். மேல்கட்டிலில் நான், என் மூக்குக்கும் கூரைக்கும் இடையே ஒரு திருமண் இடும் அளவு இடைவெளி. கீழே சங்கு. கடலின் ஓசையைக் கேட்க ஆசைப்பட்டவன் அல்லவா? கேட்டேன்.

விடிந்ததா என்று அறிய வழியில்லை. கடிகாரத்தை நம்பி, பாசுரப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இருட்டில் இறங்கினேன். ஏணியின் கடைசிப் படி என்று நான் மிதித்தது மைத்துனரின் வயிறு. அதுவரை கேளாத ஒரு புது ராகம் எழுந்தது.

"எங்கே மாப்பிள்ளே?"

"மேல்தளத்துக்கு. கடல் பார்க்க."

"நானும் வரேன். எனக்குத்தான் தூக்கமே வரலையே."

திறந்த மேல்தளத்தில் ஈரக்காற்று. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். கிழக்கே கருக்கல் கலைந்து செம்மை பரவத் தொடங்கியிருந்தது. மைத்துனர் ஒரு நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்த மறுகணமே சங்கநாதம். நான் தூரத்தில் போய் உட்கார்ந்தேன். நாற்புறமும் கடல். தடையேயில்லாத கடல். என் வாழ்நாளில் முதன்முறையாகக் கடல்வண்ணனின் முன்னிலையிலேயே அவனைப் பாடினேன். இரண்டாவது அடியில் சொல் மறந்துவிட்டது. மறந்த சொல்லை என் பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது.

இரண்டு கைகளிலும் தேநீர்க் கோப்பைகளோடு என் மனைவி.

"நீ எப்படி இங்கே?"

"பால்கனியிலேருந்து பார்த்தா ஒரு பக்கக் கடல்தானே தெரியுது. இங்கே நாலு பக்கமும். இதைப் பார்க்கக் கேபினா வேணும்?" அருகிலிருந்த நாற்காலியில் அமர்ந்தாள். "மருமக இன்னும் தூங்குறா. இரட்டைப் பிள்ளை பிறந்ததிலேருந்து அவ முழுசாத் தூங்கி நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில காத்து வர்ற கட்டிலைக் கேட்கிறவங்களுக்கு நாங்க கொடுக்கமாட்டோம். கேட்கத் தெரியாதவங்களுக்குத்தான்."

சூரியன் எழுந்தது. நாங்கள் இருவரும் தேநீர் பருகினோம். குக்கர் இல்லை, அழைப்புமணி இல்லை, சாக்ஸ் இல்லை. நான் கேட்ட விடியல் இதுவேதான். கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவே. மகிழ்ச்சியில் என் தன்னம்பிக்கை மறுபடியும் தலைதூக்கிற்று.

"உனக்குத் தெரியுமா?" என்றேன். "இப்படித்தான் ஆகும்னு நான் முதல்லயே கணக்குப் போட்டு வச்சிருந்தேன். அப்புறம் இன்னொரு விஷயம். நாளைக்கு மட்டும் நீயும் நானும் அந்தப் பால்கனியில..."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். என்னைக் கனிவோடு பார்த்தாள்.

"ஏங்க, முதல் விதி என்ன? பேசிக்கிற ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உட்காரக் கூடாது. எழுந்து வேற நாற்காலிக்குப் போங்க."

எழுந்தேன். இதற்குள் காற்று வாங்க வந்த பயணிகளால் மேல்தளம் நிறைந்திருந்தது. காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி, சங்குக்குப் பக்கத்தில்.

இவ்வரலாற்றைப் படித்தவர்க்கும், படிக்கக் கேட்டவர்க்கும், பக்கத்து அறையிலிருந்து கேளாததுபோல் கேட்டவர்க்கும், கடலளவு நிறைவும், காற்று வரும் கட்டிலும், சங்கொலி எட்டாத உறக்கமும் அப்பெருமான் அருளால் உண்டாவதாக.